ஆறு செத்த சிப்பாய்களும் என் அண்ணனும்

1

மனசு அடங்கின பிறகு நிதானமாக எழுதலாம் என்று பார்த்தேன். அது அடங்குகிற வழியைக் காணோம். "வெளிநாட்டுல இருக்கே, ஒனக்கென்ன குறை" என்று ஊரிலிருந்து கேட்கிறீர்களே, இதைப் படித்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. இங்கே காலை பதினொரு மணி, டீ நேரம். நாகூருக்கு வடக்கே இருக்கிற எங்கள் மீனவக் குப்பத்திலிருந்து சுமதி அண்ணி போன் செய்தாள். அந்த நேரத்தில் அண்ணி கூப்பிடவே மாட்டாள். அங்கே சாயங்காலம் நாலரை. தை அறுப்பு நடக்கிற சமயம் வேறு. கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வயல் கிராமங்களுக்குப் போனவள், பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது. அப்பாவுக்குத்தான் என்னவோ என்று பதறி எடுத்தேன்.

"எங்க பார்த்தே?" என்றாள் அண்ணி. எடுத்த எடுப்பில் அதுதான்.

"எதை அண்ணி?"

"அவரை. எங்க பார்த்தே? யாரு காட்டினா ஒனக்கு? போட்டோவா, ஆளையேவா?"

அண்ணி "அவரை" என்று சொன்னால் இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான். என் அண்ணன் கலைமணி. கடலுக்குப் போய் ஏழு வருஷமாகத் திரும்பி வராதவன்.

"நான் யாரையும் பார்க்கலையே அண்ணி. என்ன பேசுறீங்க?"

"மறைக்காத செல்வி. குரூப்ல நீதானே போட்டிருக்கே. இடப்பக்கத்துலேருந்து மூணாவது."

முந்தின நாள் எங்கள் குடும்பக் குரூப்பில் நான் ஒரு படம் போட்டிருந்தேன். வழக்கமாகப் போடுவதுதான். புதிதாக ஒரு சிப்பாய்ப் பொம்மை வரிசை செய்து முடித்தால் வர்ணம் பூசிய பிறகு படம் எடுத்துப் போடுவேன். அப்பா கட்டைவிரல் காட்டுவார், அதோடு சரி. இந்தத் தடவை போட்டது ஆறு செத்த சிப்பாய்கள். மேஜைமேல் ஆடுகிற போர் விளையாட்டில் ஆள் விழுந்தால் அந்த இடத்தில் அடையாளத்துக்கு வைக்கிற பொம்மைகள்.

அண்ணியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அந்தப் படத்தைத் திறந்து, இரண்டு விரலால் விரித்தேன். மூன்றாவது ஆள் ஒருக்களித்துக் கிடந்தான். இடது கை தலைக்கு அடியில். வலது பாதம் இடது முழங்காலுக்குப் பின்னால் செருகியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூக்கு நுனியில் சின்னதாக ஒரு சப்பை.

அது என் அண்ணன்தான். சிவப்புச் சட்டை போட்டு, வயிற்றில் ரத்தத்தோடு, என் அண்ணன் செத்துக் கிடந்தான். செய்தவள் நான். அண்ணி சொல்லுகிறவரைக்கும் எனக்கு அது தெரியாது.

"அண்ணி, நான் அப்புறம் கூப்பிடுறேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிப்போனது.

2

என் வேலை என்னவென்று சொன்னால்தான் உங்களுக்கு மற்றது விளங்கும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், மழைக்குப் பேர்போன ஒரு பழைய ஊரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ரவி தாராசுரத்துக்காரர். இங்கே பஸ் ஓட்டுகிறார். நான் ஒரு கொட்டகையில் சிப்பாய் செய்கிறேன். ஆமாம், சிப்பாய். கட்டைவிரலின் முதல் கணு உயரம்தான் ஒரு ஆள். அதற்குள் தலைப்பாகை, தோல்வார், தோட்டாப் பை, சட்டைப் பித்தான் எல்லாம் இருக்க வேண்டும். இங்கே பெரிய மனுஷர்கள், பாதிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு மண்டபத்தில் கூடி, பெரிய மேஜையில் பழைய காலத்துப் போர்களை மறுபடி நடத்துகிறார்கள். பகடை உருட்டுவார்கள், அளவு நாடாவால் அளந்து படையை நகர்த்துவார்கள், அடித்துக்கொள்ளாத குறையாக வாதாடுவார்கள். பித்தான் ஒன்று கூடிப்போனால் எனக்குக் கடிதம் வரும். முதலில் நான் சிரித்தேன். இப்போது நானே பித்தானை எண்ணுகிறேன்.

கொட்டகையின் முதலாளி டெரிக். எழுபது வயதுக்காரர், வாயில் எப்போதும் ஒரு முணுமுணுப்பு. பொட்டலம் கட்டுகிற வேலைக்குத்தான் என்னைச் சேர்த்தார். உடைந்த சிப்பாய் ஒருவனுக்கு நான் கை ஒட்டியதைப் பார்த்து, உருவம் பிடிக்கிற வேலையைக் கற்றுக்கொடுத்தார். கம்பியை வளைத்து எலும்பாக்க வேண்டும். மாவு மாதிரி இரண்டு வண்ணப் பசையைப் பிசைந்தால் பச்சையாக ஒரு களிம்பு வரும்; அதைக் கம்பியின் மேல் ஏற்றி, ஊசியால் முகமும் துணி மடிப்பும் கீற வேண்டும். பசை இறுகுவதற்குள் முடித்தாக வேண்டும். பிறகு அதை வைத்து ரப்பரில் அச்சு எடுத்து, ஈயத்தில் எத்தனை வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம். கண்ணாடி லென்சுக்குள் குனிந்து குனிந்து என் கழுத்து ஊர்ப் பம்புசெட்டுக் குழாய் மாதிரி வளைந்துவிட்டது.

போன வருஷம் டெரிக் ஒரு புது வரிசை ஆரம்பித்தார். கம்பெனிக்காரனும் பிரெஞ்சுக்காரனும் நவாபும் தஞ்சாவூர் ராஜாவும் நம்ம பக்கம் அடித்துக்கொண்ட காலத்துப் படைகள். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சண்டைக்கு நான் போகவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே.

அவர்கள் மேஜையில் காவிரிப் படுகை எப்படி இருக்கும் தெரியுமா? குளியலறை மிதியடியைச் சதுரமாக வெட்டி வர்ணம் பூசினால் நெல்வயல். வயலுக்குள் இறங்கிய படை பாதி வேகத்தில்தான் போகலாம், பீரங்கி போகவே கூடாது என்று விதி. "சித்திரையில வந்து பாருங்க, வெடிச்சுக் கெடக்கும், பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க, பீரங்கி என்ன, லாரியே போகும்" என்று நான் அரைமணி நேரம் இங்கிலீஷில் மன்றாடினேன். டெரிக் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். விதி மாறவில்லை. அவர்களுக்குத் தஞ்சாவூர் வருஷம் முழுக்கச் சேறுதான்.

3

அண்ணன் விஷயம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

நாலு பேர் போன படகு திரும்பவில்லை. நாலாம் நாள் இரண்டு உடல்கள் கரை ஒதுங்கின. அண்ணனும் இன்னொருவனும் ஒதுங்கவில்லை. அதுதான் எங்களுக்கு வினையாகப் போனது. உடல் ஒதுங்கியவர்கள் வீட்டில் அழுதார்கள், காரியம் செய்தார்கள், அடுத்த வருஷம் திதி கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அழக்கூட முடியவில்லை. அக்கரை ஜெயிலில் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். வேறு நாட்டுக் கப்பல் ஏற்றிக்கொண்டு போனதாக இன்னொருத்தர் சொன்னார். சொன்னவர்களைத் தேடிப் போனால், அவர்களும் யாரோ சொல்லக் கேட்டவர்கள்.

அண்ணி பொட்டை அழிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணன் பேரில் ஒரு வேட்டி எடுப்பாள். மஞ்சள் தடவி, போன வருஷத்து வேட்டியின் மேல் வைத்துப் பெட்டியைப் பூட்டுவாள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா முன்னமே போய்விட்டதால் அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும்தான். குழந்தையும் இல்லை. அண்ணியின் பிறந்த வீட்டில் அவளைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். "அவரு வந்து கதவைத் தட்டுனா யாரு தெறக்குறது" என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

போன கார்த்திகையோடு ஏழு வருஷம் முடிந்தது. ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் சட்டம் ஆளை இறந்ததாக எடுத்துக்கொள்ளுமாம். ஆனால் அது தானாக நடக்காது. வீட்டு ஆள் யாராவது போய்க் கேட்க வேண்டும். "மனு குடுங்க, மேல நான் பாத்துக்குறேன்" என்று கிராம அலுவலர் அப்பாவிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். அப்பா சரிங்க சரிங்க என்று வந்துவிடுவார், கொடுக்க மாட்டார். அண்ணியிடம் யார் சொல்வது? நான்? இருக்கிறது கடலுக்கு இந்தப் பக்கம். வெள்ளிக்கிழமைதோறும் போன் போட்டு, "ஏதாவது தெரிஞ்சுதா அண்ணி" என்று கேட்பேன். "இல்ல, வந்துடுவாரு" என்பாள். "வந்துடும் அண்ணி" என்பேன். ஏழு வருஷமாக இதே பாட்டுத்தான்.

அந்த அண்ணிக்குத்தான் நான் புருஷனைச் செத்த பிணமாகச் செய்து, வர்ணம் பூசினதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அவள் என்ன நினைப்பாள்? உடலை எங்கேயோ கண்டெடுத்து, அடையாளம் காட்ட எனக்குப் படம் அனுப்பியிருக்கிறார்கள், அதை நான் மறைக்கிறேன் என்றுதான் நினைப்பாள். அப்படித்தான் நினைத்துமிருந்தாள்.

4

எப்படி நடந்தது என்று அன்று முழுக்க யோசித்தேன்.

செத்தவர்களைச் செய்வது கஷ்டம். நிற்கிறவனை மடக்கிப் படுக்கப் போட்டால் விழுந்த பல்லி மாதிரி இருக்கும். நான் முதலில் செய்த இரண்டு பேரை டெரிக் கையில் எடுத்துப் பார்த்து, முணுமுணுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒரு வழி சொன்னார். செத்தவனைச் செய்யாதே, தூங்குகிறவனைச் செய், நன்றாகத் தூங்குகிறவனை, கடைசியில் துப்பாக்கியைக் கொஞ்சம் தள்ளிப் போடு, பார்க்கிறவன் மீதியைத் தானே புரிந்துகொள்வான்.

தூங்குகிற ஆம்பிளை என்றால் என் மனதில் யார் வருவார்? விடியலில் கரைக்கு வந்து, மீனைத் தட்டிவிட்டு, வலைக் குவியலுக்குப் பக்கத்திலேயே மணலில் சாய்ந்துவிடுவான் அண்ணன். இடது கையைத் தலைக்குக் கொடுத்து, பாதத்தை முழங்காலுக்குப் பின்னால் செருகிக்கொண்டு. சின்ன வயதில் அவன் காலில் தடுக்கி நான் எத்தனை முறை விழுந்திருப்பேன். கண் மறந்துபோனதை விரல் ஞாபகம் வைத்திருந்திருக்கிறது. செய்யும்போது எனக்கு அண்ணன் நினைப்பே இல்லை, சத்தியமாக. இடுப்பு மடிப்பு சரியாக விழவில்லையே என்றுதான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் டெரிக்கிடம் போய், அந்த மூன்றாவது ஆளை விற்க வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. இத்தனை வருஷம் பேசிய இங்கிலீஷ் எங்கே போனதோ, "முகம் தப்பு, முகம் தப்பு" என்று மட்டும் சொன்னேன். முகம் நன்றாகத்தான் இருக்கிறது, இதுவரை நீ செய்ததிலேயே அதுதான் சிறந்தது என்றார். பிறகு என் கோலத்தைப் பார்த்து, அடுத்த அச்சில் வேண்டுமானால் தலையை மாற்றலாம் என்றார். ஆனால் முன்கூட்டிக் கேட்டவர்களுக்கு எல்லாம் போன வாரமே அனுப்பியாகிவிட்டது. கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும்கூடப் போயிருக்கிறது.

ஊர் பேர் தெரியாதவர்களுடைய மேஜைகளில் என் அண்ணன் செத்துக் கிடக்கப் போகிறான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும்.

வீட்டுக்கு வந்து மலரிடம் சொன்னேன். மலர் என் மகள், பதினாறு வயது. ஊரில் இருந்தது மொத்தமே நாலைந்து லீவுதான். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச அலுப்பு. அண்ணியைக் கூப்பிட்டு அது வேறு யாரோ, உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது என்று சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

மலர் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பட் அம்மா, மாமா செத்துட்டாங்கதானே?"

என் கை ஓங்கிவிட்டது. பெற்ற பிள்ளையை அடிக்காதவள் நான். ஓங்கிய கை அப்படியே நின்றது. ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் ஏழு வருஷமாக ஒருத்தர் வாயிலிருந்தும் வராத வாக்கியம் அது. அவள் அதை, பால் தீர்ந்துபோச்சு என்று சொல்வது மாதிரி சொல்லிவிட்டாள்.

"எல்லாருக்கும் தெரியும்தானே? ஏன் யாரும் அத்தைகிட்ட சொல்லல?" என்றாள். திமிராகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அவள் வளர்ந்த இடத்தில் இப்படி ஒரு வழக்கம் இல்லை. எழுந்து அடுக்களைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன், எதற்கென்று தெரியாமலேயே.

5

மறுநாள் அதே டீ நேரத்தில் நானே அண்ணியைக் கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் போல. பக்கத்தில் அப்பா இருமுவது கேட்டது.

"அண்ணி, நான் யாரையும் பார்க்கல. எனக்கு யாரும் போட்டோ அனுப்பல. அம்மா மேல ஆணையா சொல்றேன். தூங்குற ஆளு ஒண்ணு வேணும்னாங்க, எனக்குத் தெரிஞ்சது அண்ணன் தூங்குறதுதான். கை தானா அப்படிப் போயிருச்சு."

"தூங்குறவருக்கு வயித்துல எதுக்கு ரத்தம்?"

"அது வர்ணம் பூசுறவங்க வச்சது அண்ணி. நான் வைக்கல."

பின்னால் எங்கோ படகு என்ஜின் சத்தம். பிறகு கேட்டாள்: "சரி. ஒண்ணே ஒண்ணு சொல்லு. எனக்காகச் சொல்லாதே, நிஜத்தைச் சொல்லு. அவரு இருக்காருன்னு நெனைக்கிறியா, இல்லைன்னு நெனைக்கிறியா?"

என் வாய் வழக்கம்போல "வந்துடும் அண்ணி" என்றுதான் திறந்தது. வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே டெரிக் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போனார். அவர் அந்தக் கோடிக்குப் போய்ச் சேருகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல அண்ணி. அண்ணன் இல்ல."

இனி அண்ணி கதறப் போகிறாள், அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு சாயப் போகிறார், ரெண்டு பேரையும் நான் கொன்றுவிட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணி கதறவில்லை. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

"இதைச் சொல்ல ஒங்களுக்கு ஏழு வருஷமாச்சா?"

"அண்ணி?"

"யாராவது ஒருத்தர் சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் செல்வி. எனக்குத் தெரியாதா? நான் கடக்கரையில பொறந்தவதானே? கூடப் போன ரெண்டு பேரு ஒதுங்கின அன்னைக்கே தெரியும். மாமா தாங்க மாட்டாருன்னுதான் பொட்டு வச்சேன். நான் அழிச்சிட்டா அவரு அப்படியே உக்காந்துடுவாரேன்னு பயம். நீ வேற வாரா வாரம் கூப்புட்டு, வந்துடும் வந்துடும்ங்குறே. நான் என்ன பண்ணுவேன்?"

அப்போது அப்பா போனுக்குப் பக்கத்தில் வந்தார். அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

"எனக்கும் தெரியும்மா" என்றார். "சுமதி தாங்காதேன்னுதான் நான் மனு குடுக்கல. வேட்டி எடுத்து எடுத்து வைக்குதே, அதுகிட்டப் போயி எப்புடிச் சொல்லுவேன்."

"நீங்க பாக்குறீங்கன்னுதான் மாமா எடுத்தேன்" என்று அண்ணி சொன்னது எனக்குக் கேட்டது. அதற்கப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். ஏழு வருஷம் ஒரே வீட்டில், ஒரே அடுப்புச் சோற்றைத் தின்றுகொண்டு, ஒருத்தருக்காக ஒருத்தர் நடித்திருக்கிறார்கள். மூன்றாவதாக நான், வெள்ளிக்கிழமைதோறும் போன் போட்டு அந்த நடிப்புக்கு எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அழுகை மட்டும் எனக்கு வரவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி மூக்கைச் சிந்திவிட்டு, மீன் வியாபாரம் பேசுகிற குரலுக்குத் திரும்பினாள். "ஒடம்பு இல்லாம காரியம் பண்ணணும்னா உருவம் ஒண்ணு செஞ்சு எரிக்கணும்பாங்க. வைக்கோல்ல கட்டுவாங்க. எனக்கு வைக்கோலை எரிக்க மனசு இல்ல. அந்த பொம்மை மாதிரி எத்தனை இருக்கு ஒங்கிட்ட?"

"அச்சு இருக்கு அண்ணி. எத்தனை வேணாலும் வரும்."

"ஒண்ணு அனுப்பு. ஒண்ணு போதும். துப்பாக்கி வேணாம். வர்ணமும் வேணாம்."

6

வியாழக்கிழமை காலை சீக்கிரமே போய் நானே இயந்திரத்தைப் போட்டேன். வட்டமான ரப்பர் அச்சு, தோசைக்கல் அகலம், இரண்டு பாதி. உள்ளே ஆறு பேருக்கும் பள்ளம் இருக்கும். பவுடர் தூவி மூடி, வேகமாகச் சுற்ற விட்டு, நடுவில் இருக்கிற ஓட்டை வழியாக உருகிய வெள்ளீயத்தை ஊற்ற வேண்டும். சுற்றுகிற வேகத்தில் ஈயம் ஓடி எல்லாப் பள்ளத்தையும் நிரப்பும். அண்ணிக்கு அனுப்புகிற ஒன்று பழுதில்லாமல் வர வேண்டும், துப்பாக்கியைப் பிறகு அரத்தால் ராவிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வார்ப்பு எப்போதும் சரியாக வராது, அச்சு சூடேறியிருக்காது. திறந்தேன். அண்ணனுக்கு உடம்பு நன்றாக வந்திருந்தது, முகம் பாதி நிரம்பவில்லை. கன்னம் இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம்.

நிரம்பாத ஆளைக் கொட்டகையில் யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. எடுத்த கையோடு ஈயச் சட்டியில் போட்டுவிடுவோம். உருகி அடுத்த சிப்பாய்க்கு ஆகும். பத்து வருஷப் பழக்கம். கை தன்பாட்டுக்குப் போட்டுவிட்டது.

போட்ட பிறகுதான் உறைத்தது. ஈயத்தின் மேலே, பாலின் மேல் படிகிற மாதிரி, சாம்பல் நிறத்தில் ஓர் ஆடை படிந்திருந்தது. அதன் மேல் ஒரு கணம் அப்படியே கிடந்தான், மணலில் கிடக்கிற மாதிரி. முதலில் பாதம் போயிற்று. பிறகு கை. தலைக்கு அடியில் கை இல்லாமல் தலை சாய்ந்தது. ஈயச் சொம்பைத் தண்ணீரில்லாமல் அடுப்பில் வைத்தால் எப்படிக் குழைந்து விழுமோ, அப்படி. நான் கத்திவிட்டேன். "அண்ணா, அண்ணா" என்று கத்தியிருக்கிறேன். டெரிக் பிறகு சொன்னார், நீ திரும்பத் திரும்ப ஒரே வார்த்தையைச் சொன்னாய் என்று. நான் சுட்டுக்கொண்டதாக நினைத்து ஓடிவந்து, என் கையை இழுத்துக் குழாய்த் தண்ணீருக்குக் கீழே பிடித்தார். கையில் ஒன்றுமில்லை. நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன். எங்கள் குப்பத்துப் பெண்கள் எப்படி அழுவார்களோ அப்படி, வாய்விட்டு, ஏழு வருஷத்தையும் சேர்த்து. அந்தக் கொட்டகை அந்த மாதிரி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்காது. என் அண்ணன், என் அண்ணன் என்று இங்கிலீஷில் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, அவர் நின்றுகொண்டே இருந்தார்.

அண்ணியிடம் மறைக்கக் கூடாது என்று தோன்றியது. மறைத்ததெல்லாம் போதும். அங்கிருந்தே கூப்பிட்டேன்.

"அண்ணி, ஒரு தப்பு நடந்துபோச்சு." நடந்ததைச் சொன்னேன். இன்னொன்று நல்லதாக வார்த்து இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

"முழுசா எரிஞ்சிட்டாரா?"

"முழுசா போயிருச்சு அண்ணி."

"அழுதியா?"

"அழுதேன்."

"அப்ப ஆச்சு" என்றாள். "பொம்பளைங்களைச் சுடுகாட்டுக்கு விடமாட்டாங்க. நீ கொள்ளியே வச்சுட்டே. எரிச்ச ஆளை மறுபடி அனுப்புவாங்களா? ஒண்ணும் அனுப்ப வேணாம்."

"இல்ல அண்ணி, காரியத்துக்கு..."

"காரியத்துக்குத்தான் சொல்றேன். சாம்பல் இருக்கா?"

நான் சட்டியைப் பார்த்தேன். டெரிக் சூட்டை அணைத்துவிட்டதால் ஈயம் அடங்கிக்கொண்டிருந்தது. மேலே அந்த ஆடை இருந்தது. ஈயம் காய்கிறபோதெல்லாம் சேருகிற கசடு அது. சாம்பல் நிறம், தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். தினமும் கரண்டியால் வழித்து ஒரு டப்பாவில் போடுவோம்.

"இருக்கு அண்ணி."

"அதை வழிச்சு அனுப்பு. நானும் மாமாவும் கடல்ல கரைச்சுடுறோம்."

"அதுல மத்த சிப்பாயெல்லாம் கலந்திருக்கும் அண்ணி. எது அண்ணன்னு என்னால பிரிக்க முடியாது."

"சுடுகாட்டுல மட்டும் பிரிச்சா குடுக்குறாங்க?" என்றாள் அண்ணி. "வழிச்சு அனுப்பு செல்வி."

கரண்டியை எடுத்து வழிக்க ஆரம்பித்தேன்.